கறுப்புப் பட்டைமேல் என் குழி

யானையோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அது பாட்டுக்கு எங்கள் சேரிக்கு வடக்கே இருந்த பெரிய பாறையில், தலையும் தும்பிக்கையும் மட்டும் வெளியே வந்து, பின்பாதி கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது. பல்லவர் காலத்து வேலை என்றார்கள். ஏன் பாதியில் விட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாமல்லபுரத்தை ஒட்டின கரையில் இப்படிப் பாதியில் விட்ட வேலை நிறைய உண்டு. அந்த யானைக்கு நாங்கள் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பிள்ளைகள் தும்பிக்கைமேல் ஏறினால் என் மாமியாரே குச்சியை எடுத்துக்கொண்டு ஓடுவார். என் சண்டையெல்லாம் அந்த யானையைக் காப்பாற்றுகிறோம் என்று மெட்ராஸிலிருந்து வந்தவர்களோடுதான். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐம்பதுகளில் நான் அந்தச் சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். செங்கல்பட்டில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். படித்த பெண் என்று என்னைக் கட்டிக்கொடுத்தது நிலமில்லாத கூலிக்காரர் வீட்டுக்கு. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, என் அப்பா வீடும் அதேதான். சேரி முழுக்க மிராசுதார் நிலத்தில் வேலை செய்தது. கூலி காசாக இல்லை, நெல்லாக. அறுவடை முடிந்தால் களத்திலேயே அளந்து போடுவார்கள். நெல்லைக் கொண்டுவந்து குத்தினால்தான் சோறு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நெல் வீட்டில் இருக்கிறதென்றால் வயிறு நிறையும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெல்லை மாடு தின்னும், மனுஷன் எப்படித் தின்பான்?

நாங்கள் குத்தினது பாறையில். யானை இருந்த பாறைக்கு முன்னால் தரையோடு தரையாக இன்னொரு பாறை படுத்திருந்தது. அதன் நிறம் வெளுப்பு. அந்த வெளுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கல் பட்டை ஓடும். மாட்டு வண்டி போகிற அகலம், கயிறு பிடித்த மாதிரி நேர். வெளுப்புப் பாறையில் நெல்லைக் குத்தினால் பாறையே மணி மணியாக உதிர்ந்து அரிசியோடு கலந்துவிடும், சோற்றில் கல் கடிபடும். கறுப்புக் கல் உதிராது. அதனால் சேரிப் பெண்களின் உரல் குழிகள் எல்லாம் அந்தக் கறுப்புப் பட்டைமேல்தான் வரிசையாக இருந்தன. வீட்டுக்கு ஒரு குழி. தை மாதத்துச் சாயங்காலங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் உலக்கை போட்டால் தரை கிண் கிண்ணென்று அதிரும். பேச்சு, சிரிப்பு, வம்பு, எல்லாம் அங்கேதான்.

மகன் தனிக்குடித்தனம் போனால் மருமகளுக்குத் தனிக் குழி. அதை அவளேதான் தோண்டிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் சேரி வழக்கம். மாமியார் செய்கிறதெல்லாம் இடம் காட்டுவதும், முதல் கொத்து போட்டுக் கொடுப்பதும்தான். கல் உடைக்கிறவர்களிடம் தேய்ந்துபோன உளி ஒன்றை வாங்கிக்கொள்வோம். உளியால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கி, மேலே மணலும் தண்ணீரும் போட்டு, கைக்கு அடக்கமான கருங்கல்லால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். வேலை முடித்து வந்து தேய், சோறு பொங்கிவிட்டுத் தேய். ஒரு நாள் முழுக்கத் தேய்த்தாலும் குழி இறங்கினது கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கை மட்டும் காய்த்துப் போகும்.

"எட்டாவது பட்ச்ச கை, தேயாம இன்னா பண்ணும்? தேயட்டும்மே," என்பார் என் மாமியார். நாக்கு நீளம் அவருக்கு. ஆனால் அவர் குழியில் நெல் குத்த எனக்கு இடம் விட்டு, தான் காத்துக்கொண்டு நிற்பார். எனக்கென்று ஒரு குழி ஆகும்வரைக்கும் அப்படித்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் தேய்த்தும் என் குழி ஒரு கிண்ணம் ஆழம்தான் இறங்கியிருந்தது. அடுத்த தைக்கு இல்லாவிட்டாலும் அதற்கு அடுத்த தைக்கு என் நெல்லை என் குழியில் குத்துவேன் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்த மார்கழியில் ஜீப் வந்தது. இறங்கினவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆபீசர், பழைய சிலைகளையும் கோயில்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இன்னொருவர் சின்ன வயசு, கையில் சுத்தியல். அவர் கல்லைப் படித்தவராம். கல்லைப் படிக்க காலேஜ் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆபீசர் யானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுத்தியல்காரர் யானையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கறுப்புப் பட்டைக்கு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். நாங்கள் நெல் குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், கேட்டதற்கு முகம் கொடுத்துப் பேசினார். மனுஷர்கள், மிருகங்கள், மரங்கள் ஒன்றும் இல்லாத காலத்தில் பூமிக்கு அடியில் கல்லே உருகிக் கொதித்துக்கொண்டிருந்ததாம். வெளுப்புப் பாறை அப்போதே பழசாம். அதில் ஒரு வெடிப்பு விட, அந்த நெருப்புக் குழம்பு வெடிப்பு வழியாக மேலே ஏறி, அங்கேயே உறைந்து கறுப்புக் கல்லாகிவிட்டதாம். எரிமலையிலிருந்து வழிகிற குழம்பும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றார்.

"ஐயையோ! அப்ப நாம எரிமல மேலயா நெல்லு குத்திகினு கீறோம்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"குத்துங்கம்மா, அதெல்லாம் ஆறிப்போய் யுகக்கணக்கு ஆச்சு," என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் கடைசி.

ஏனென்றால் ஆபீசர் அதற்குள் குழிகளைப் பார்த்துவிட்டார். வரிசையாக, நேராக, யானைக்கு முன்னால்! அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். கையை நீட்டி நீட்டிச் சுத்தியல்காரரிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. யானைக்கு முன்னால் ஒரு மண்டபம் கட்ட நினைத்திருக்கிறார்கள், இவை அதன் தூண்களை நிறுத்தத் தோண்டிய குழிகள் என்றார். பிறகு என் குழிக்கு வந்தார். குனிந்து விரலால் தடவினார்.

"பார்த்தீரா? இது முடியாதது. யானையைப் போலவே இதையும் பாதியில் விட்டிருக்கிறார்கள்," என்றார். இதைத் தமிழிலேயே சொன்னார்.

"சார், அது நான் தோண்டிகினு கீறது சார்," என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. குழந்தை பொய் சொன்னால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

"இந்தக் கல்லையா? நீயா?"

"ஆமா சார். உளி கீது, மணலு கீது. போன வருஷத்திலருந்து தேய்ச்சிகினு கீறேன்."

"இந்தக் கல்லை வெட்ட அந்தக் காலத்துச் சிற்பிகளால்தான் முடியும், அம்மா. இப்போது யாருக்கும் வராது. நீங்கள் இதில் நெல் குத்தியிருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. கிடைத்த குழியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்."

கிடைத்த குழி! அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மாமியார் உலக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் அதிகாரிகளிடம் பேசினால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர். அன்றைக்குத் தாழ்த்தவில்லை.

"தொர, மனுசன் பொறக்கறதுக்கு மின்னால நெருப்புலருந்து இந்தக் கல்லு வந்துச்சின்னு உங்களுக்குத் தெரியிது. போன தைய்யில என் மருமவ குழி தோண்ட குந்துனது தெரியிலியா? சேரியில யார வேணா கேளு தொர!"

ஆபீசர் சேரியில் யாரையும் கேட்கவில்லை. சுத்தியல்காரர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். குழிகள் அவருடைய படிப்பு இல்லையாம். ஜீப்பில் ஏறும்போது ஆபீசர் என்னைப் பார்த்து, "ஒரு பேச்சுக்கு நீதான் தோண்டினாய் என்றே வைத்துக்கொள். பழஞ்சின்னம் இருக்கிற பாறையில் உளி வைத்தது குற்றம், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். அதனால் இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே," என்றார். எனக்கு நல்லது செய்கிறாராம்!

பொங்கலுக்குள் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். யானையைச் சுற்றி மட்டும் போட்டிருந்தால் நாங்களே கம்பம் நட்டுக் கொடுத்திருப்போம். கறுப்புப் பட்டை முழுவதையும் உள்ளே வளைத்துப் போட்டார்கள். ஒரு நீலப் பலகையும் நட்டு, காவலுக்கு ஓர் ஆளையும் வைத்தார்கள். சேரியில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி, ஆகவே நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். உள்ளே நுழைந்தால் தண்டனை. எங்கள் குழிகளுக்குள் நாங்கள் நுழைந்தால் எங்களுக்குத் தண்டனை. இதைப் படித்துச் சொல்லத்தானா நான் எட்டாவது படித்தேன் என்று அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உரல் வாங்கிக்கொள்வதுதானே என்று இப்போது கேட்பீர்கள். அப்போதும் கேட்டார்கள். ஒரு கல் உரல் வாங்குகிற நிலையில் சேரியில் ஒரு வீடுகூட இல்லை. இருந்த வழி ஒன்றே ஒன்று, மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் வீட்டு முற்றத்து உரல். அதை நாங்கள் தொடக் கூடாது. நெல்லை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு நிற்க வேண்டும், அவர் வீட்டு ஆட்கள் எடுத்துப்போய்க் குத்தி அரிசியாகத் தருவார்கள். தவிடும் உமியும் நொய்யும் அவர்களுக்கே. குத்தினவர்களுக்கென்று அரிசியிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். பாறையில் குழி இல்லாத பக்கத்துச் சேரிகளில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மாமியார் கூட்டம் அந்த வாசலில் ஒரு நாளும் நின்றதில்லை. நாங்கள் தலை நிமிர்ந்து நடந்ததே அந்தக் கறுப்புப் பட்டையை வைத்துத்தான்.

அறுவடை தொடங்கியது. கூலி நெல் வீட்டுக்கு வந்து மூட்டையில் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் ஆபீசர் யானையைப் படம் பிடிக்க வந்திருந்தார். எனக்குள் என்ன புகுந்ததோ, உளியையும் மணலையும் என் தேய்ப்புக் கல்லையும் எடுத்துக்கொண்டு, காவலாள் அவர் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு திரிந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில் வேலிக்குள் நுழைந்து, என் குழிக்கு முன்னால் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். கல்லும் மணலும் அரைபடுகிற சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"பாருங்க சார், நல்லா பாருங்க! முடியும்னு காட்றேன்!" என்று கத்தினேன். கண்ணீர் வேறு வந்துவிட்டது, எனக்குக் கோபம் வந்தால் கண்ணீரும் சேர்ந்து வரும், அது ஒரு பெரிய தொல்லை.

அவர் பார்க்கவில்லை. போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தினதாக வழக்கு. என்னை ஜாமீனில் எடுத்தவர் புதுப்பட்டினம் சந்தையில் கருவாட்டு மண்டி வைத்திருந்த பாய். எங்கள் பெண்கள் அவரிடம் சில்லறைக்குக் கருவாடு வாங்கி விற்பார்கள், அந்தப் பழக்கம்தான். வக்கீலையும் அவரே பிடித்துக் கொடுத்தார். "வாய வச்சிகினு சும்மா இரும்மா, வக்கீல் பாத்துப்பாரு," என்று அவரும் சொன்னார், வக்கீலும் சொன்னார். சும்மா இருக்கவா நான் வேலிக்குள் போனேன்?

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நானும் புருஷனும் மாமியாரும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனோம். நான் மனசில் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன். ஜெயிலுக்கே போனாலும் சரி, நான்தான் தோண்டினேன் என்று சொல்லிவிடுவது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டால் அது பல்லவர் குழி இல்லை என்று ஆகிவிடும். என் குழி இப்போதையது என்றால் மற்ற குழிகளும் எங்களுடையவைதான், வேலியை நகர்த்தித்தான் ஆக வேண்டும். நான் உள்ளே போனாலும் சேரிக்குக் குழி திரும்பிவிடும். என் புருஷனிடம் சொன்னேன். அவர், "உன் இஸ்டம்," என்றார்.

சாட்சிக் கூண்டில் முதலில் ஏறினவர் ஆபீசர். பிறகு எங்கள் வக்கீலே சுத்தியல்காரரைக் கூப்பிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். நாங்கள் நெல் குத்துவதைப் பார்த்தவர், எங்களோடு சிரித்தவர். அவர் கறுப்புக் கல் நெருப்புக் குழம்பு உறைந்தது என்றும், மிகவும் கெட்டியானது என்றும் சொன்னார். வக்கீல் கேட்டார்: "கையில் பிடித்த ஒரு கல்லையும் மணலையும் வைத்து, ஒரு பெண்பிள்ளை சில நிமிஷம் தேய்த்தால் இந்தக் கல்லுக்குச் சேதம் வருமா?"

"வராது," என்றார் அவர்.

உண்மைதான். அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சில நிமிஷத்தில் ஒன்றும் ஆகாதுதான். நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு, "சில நிமிசம் இல்ல சார், ஒரு வருசம்! ஒரு வருசம் தேய்ச்சிகினு கீறேன்!" என்று கத்தினேன். டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் என்னை அதட்டினார்.

மாஜிஸ்திரேட் வயசானவர். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "இந்தக் குழியை நீ தோண்டினாயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நான்தான் தோண்டினேன். என் கையப் பாருங்க," என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து நின்று தலையைச் சாய்த்து, "படிப்பறிவில்லாத பெண், கனம் கோர்ட்டார் அவர்களே. பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள்," என்றார்.

எட்டாவது படித்த என்னை! என் வக்கீல்!

கையை யாரும் பார்க்கவில்லை. இப்பேர்ப்பட்ட கெட்டிக் கல்லை இவள் போன்ற ஒருத்தி தோண்டியிருக்கவோ சேதப்படுத்தியிருக்கவோ முடியாது, அதனால் இவள்மேல் குற்றம் இல்லை, இனிமேல் வேலிக்குள் நுழையக் கூடாது என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிழைச்சேம்மா நீ," என்றார். பாய்கூட அல்லாவுக்கு நன்றி சொன்னார். என் புருஷன் அவர்கள் இரண்டு பேரையும் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. என்னைத் திமிர் பிடித்தவள் என்று வக்கீல் நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

மாமியாருக்குக் கோர்ட்டுத் தமிழ் பாதி புரியவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"இன்னாமே சொன்னாங்கோ?"

"வுட்டுட்டாங்க அத்தே."

"அது தெரியிது. குழி யாருதுன்னு சொன்னாங்கோ?"

"நான் தோண்டலன்னு சொல்லிட்டாங்க."

"நீ தோண்டினேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் அத்தே. கத்திச் சொன்னேன்."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் அதிலிருந்த காய்ப்பைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "ஜெயில்ல போட்டிருந்தாலாச்சும் நீதான் தோண்டினன்னு ஆயிருக்கும்," என்றார். மருமகளிடம் சொல்கிற பேச்சா அது என்று பஸ்ஸில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அந்த நாள் முழுக்க எனக்காக யாராவது பேசினார்கள் என்றால் அவர் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தள்ளிப் பார்த்தோம். நெல்லை வறுத்தோம், கையால் தேய்த்தோம், பானைக்குள் போட்டு இடித்தோம், பானை உடைந்தது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீடாக நெல்லைத் தூக்கிக்கொண்டு காரியக்காரர் வாசலுக்குப் போனது. கடைசியாகப் போனது நாங்கள். மூட்டையை வெளியே வைத்துவிட்டு வெயிலில் நின்றோம். உள்ளே எங்கள் நெல்லை யாரோ குத்துகிற சத்தம் கேட்டது. தாறுமாறான குத்து, பாதி அரிசி உடைந்து நொய்யாகிக்கொண்டிருப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"மெதுவா குத்துமே, நொய்யாவுது பாரு!" என்று மாமியார் வாய் தவறிக் குரல் கொடுத்துவிட்டார்.

காரியக்காரர் வாசலுக்கு வந்து, "நெல்லு குத்தத் தெரிஞ்சவ மாதிரி பேசுறியே," என்றார்.

என் மாமியார் வாயைத் திறந்தார். பிறகு முந்தானையால் மூடிக்கொண்டார். அவர் பதில் பேசாமல் நின்றதை நான் முதல் முதலாகப் பார்த்தது அந்த வாசலில்தான்.